கோகோபீட்டில் வைத்த மணி பிளான்ட்: புதுப்பிப்பு

இரண்டு மாதங்களுக்கு முன், வெறும் கோகோபீட்டில் (தேங்காய் மட்டையின் நார்த்தூள்) வைத்த மணி பிளான்ட்டின் இலை நுனிகள் கருகுகின்றனவே, ஏன் என்று கேட்டிருந்தேன். சத்துக் குறைவு என்றார்கள் சிலர், தண்ணீர் அதிகம் என்றார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் பாதி சரி.

முதல் குற்றவாளி உப்பு. தேங்காய் மட்டையிலேயே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். நான் வாங்கிய 650 கிராம் கட்டி, கழுவாத ரகம் போலிருக்கிறது. வாளியில் ஊறப்போட்டுப் பிழிந்தால் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் இறங்கியது! நான்காவது அலசலில்தான் வெளிறியது. அதுவும் போதாது: நார்த்தூளைப் பற்றிக்கொண்டிருக்கும் சோடியம், கால்சியம் வந்தால்தான் இடம்விடும். ஆகவே கொஞ்சம் கால்சியம் நைட்ரேட் உரம் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் அலசினேன்.

இரண்டாவது குற்றவாளி, அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றிய என் கை. கோகோபீட் மேலே வெளிறிக் காய்ந்து தெரியும். விரலை இரண்டு அங்குலம் நுழைத்தால் உள்ளே சொதசொதவென்று ஈரம். இப்போதெல்லாம் தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டுமே தண்ணீர்.

கலவையையும் மாற்றிவிட்டேன்: இரண்டு பங்கு கோகோபீட், சத்துக்கு ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு பெர்லைட் (பொரியவைத்த எரிமலைப் பாறைத் துகள்). பெர்லைட் விலைதான் எரிச்சல். அடுத்த தொட்டிக்குச் செங்கல் சில்லு போதும்.

கருகிய நுனிகள் மீண்டும் பச்சையாகாது, கத்தரித்துவிட்டேன். புதிதாக வந்த மூன்று இலைகளிலும் கருகல் இல்லை. நான்காவது இன்னும் சுருள் பிரியவில்லை.