புதுப்பிப்பு: விற்ற கிட்டார் வீடு திரும்பியது

தங்கை கல்யாணச் செலவுக்காக 2014-இல் விற்ற என் ஸ்ட்ராட் வகை (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் மாதிரி) எலெக்ட்ரிக் கிட்டாரைத் தேடுவதாகப் போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். கிடைத்துவிட்டது! கடலூர் மஞ்சக்குப்பத்தில், வாங்கிய தம்பியின் வீட்டுப் பரணிலேயே கிடந்தது. "எடுத்துக்கோங்கண்ணா, எனக்கு எஃப் கார்டே வரல" என்றார் (கற்றுக்கொள்பவர்களைப் படுத்தும் சுரக்கூட்டு அது). விற்றதைவிட இரண்டாயிரம் கூடக் கொடுத்தேன். பேரம் பேச மனசு வரவில்லை. காம்பஸால் நான் கீறிய இனிஷியல் முதுகில் அப்படியே இருக்கிறது.

உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பகுதி) திருகெல்லாம் துரு, வால்யூமைத் திருகினால் கரகர. புதுச்சேரிக்குக் கொண்டுவந்து மொத்தமாகப் பிரித்தேன்.

தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் இதில் மூன்று, எல்லாமே ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில். பிரிட்ஜ் பக்கம் இருந்ததை மாற்றி, அதே அளவிலேயே வரும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் போட்டேன். மரத்தைக் குடைய வேண்டியதில்லை. அதன் இரண்டு சுருள்களும் எதிரெதிராக இணைந்திருப்பதால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. ஹம்பக்கருக்கு 500 கிலோஓம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை) போடச் சொல்லி இங்கே யோசனை சொன்னீர்கள். மற்ற இரண்டு பிக்கப்பும் சிங்கிள் காயில்தானே என்று 250-லேயே நின்றுவிட்டேன். ஹம்பக்கர் சத்தம் கொஞ்சம் மழுங்கல்தான், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. வெளி இரைச்சல் புகாமலிருக்க உட்குழி முழுக்கக் காப்பர் டேப். முதல் தடவை பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயரைப் பற்றவைக்க மறந்து, இரைச்சல் போகவில்லையே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆம்ப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஃப்ரெட்டுகள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) தேய்ந்திருக்கின்றன. அது அடுத்த சம்பளத்தில்.

நேற்று ராத்திரி வாசித்துப் பார்த்தேன். கீழ் வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாப்பா?" என்றார்.