தூண்டல் அடுப்பு சரி, பாத்திரத்துக்கு என்ன சொல்?

நண்பர்களே, வணக்கம்.

இண்டக்‌ஷன் ஸ்டவ்வுக்கும் அதில் வைக்கும் பாத்திரத்துக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அடுப்புக்கு மின்னடுப்பு, காந்த அடுப்பு, தூண்டல் அடுப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. என் ஓட்டு தூண்டல் அடுப்புக்கே. மின்னடுப்பு என்றால் சுருள்கம்பி பழுக்கும் பழைய ஹீட்டரும் எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும் இன்ஃப்ராரெட் ஸ்டவ்வும் அதில் அடங்கிவிடும். தூண்டலோ பள்ளி இயற்பியலில் வேரூன்றிய சொல். ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இங்கே வேலை செய்கிறது. கண்ணாடிக்கு அடியில் உள்ள செம்புச் சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் பாயும்போது பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டம் பிறந்து பாத்திரமே சூடாகிறது.

காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் இந்த அடுப்பில் சரியாகச் சூடேறும் என்பதால், காந்தம் என்ற சொல்லைப் பாத்திரத்துக்கு விட்டுவைப்போம். பாத்திரத்துக்கு முன்மொழியப்பட்ட ‘தூண்டல் இணக்கப் பாத்திரம்’ என்பது பாத்திரக்கடையில் நிற்பவருக்கு எதையும் சொல்லாது. கடைகளில் காப்பர் பாட்டம், இண்டக்‌ஷன் பாட்டம் என்கிறார்கள். அதே வார்ப்பில் ‘காந்த அடி’ எனலாம்: காந்த அடிக் குக்கர், காந்த அடிச் சட்டி. ‘இரும்படி’ பொருந்தாது. எவர்சில்வரிலும் பெரும்பங்கு இரும்புதான். ஆனாலும் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 18/8 வகையில் காந்தம் சரியாக ஒட்டாது.

‘அடி’ என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. சில அலுமினியத் தவாக்களின் அடியில் சின்னதாக ஓர் எஃகு வட்டைப் பதித்திருப்பார்கள். அந்த வட்டு மட்டும்தான் நேரடியாகச் சூடேறும். தோசை நடுவில் கருகும், ஓரம் வெளுத்தே கிடக்கும். வாங்கும்போது காந்தத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் போதாது, ஓரம் வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். தட்டையாகவும் இருக்க வேண்டும். குழிந்த இருப்புச்சட்டியில் காந்தம் நன்றாகவே ஒட்டும், ஆனால் அடி கண்ணாடியில் படியாததால் சூடு சரியாக ஏறாது.

அப்புறம், போர்ட்டபிள் அடுப்பு என்பதற்குக் ‘கையடக்க’ என்ற அடைமொழி வேண்டாமே. அது பாக்கெட் அகராதிக்குத் தகும், எந்தப் பிளக்கிலும் செருகிவிட முடியாத இந்த அடுப்புக்குத் தகாது. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். ‘மேசைத் தூண்டல் அடுப்பு’ என்றால், சமையல் மேடையில் பதிக்கும் வகையிலிருந்து பிரித்துக் காட்டிவிடும்.

வரையறையை இப்படி முன்வைக்கிறேன். காந்த அடி: ஓரம் வரை காந்தம் ஒட்டுகிற, தட்டையான பாத்திர அடி. புணர்ச்சியில் ‘காந்தவடி’ என்று சேர்த்தால் வடிதட்டு நினைவு வரும் என்பதால் பிரித்தே எழுதியிருக்கிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.