பழைய கம்பெனிக்கு போன் போட்டால் யார் எடுக்கிறார்கள்?

கிண்டி, ஐடி எச்ஆர்:
டெவலப்பர் வேலைக்கு ஒருவர் வந்தார். நான்கு வருட அனுபவம், ரிலீவிங் லெட்டர், பே ஸ்லிப் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ரெஃபரன்ஸ் என்று கொடுத்த எண்ணுக்கு அடித்தேன். நான் கேள்வியை முடிப்பதற்குள் "நல்ல பையன் மேடம், தாராளமா எடுத்துக்கோங்க" என்றார் எடுத்தவர். அங்கேதான் உறுத்தியது. நிஜமான எச்ஆர் யாரும் இவ்வளவு அன்பாகப் பேசுவதில்லை. மெயில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிடுவார்கள்.

கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனி பெயரைத் தேடினேன். இவர் சேர்ந்ததாகச் சொன்ன தேதிக்கு ஒரு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் அந்தக் கம்பெனியே பதிவாகியிருக்கிறது! பே ஸ்லிப்பில் மாதாமாதம் பிஎஃப் 1,800 ரூபாய் பிடித்தம் வேறு. பிஎஃப்புக்கான 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புக்கு 12 சதவீதம், கணக்கு சரிதான். ஆனால் யூஏஎன், அதாவது அவருடைய பிஎஃப் அடையாள எண்ணைக் கேட்டால், "இன்னும் ஓப்பன் பண்ணல" என்கிறார். பிடித்த பணம் எங்கே போனது என்று மெயிலில் கேட்டேன். அதற்குப் பதிலே வரவில்லை.

2022இல் அக்செஞ்சர் மாதிரி பெரிய ஐடி கம்பெனியே போலி அனுபவம் காட்டியவர்களை வெளியேற்றியது. இப்போது நான் முதலில் கேட்பது பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரிதான். சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடுவில் வேறு எங்காவது எட்டிப்பார்த்திருந்தால் அதுவும் அதில் வந்துவிடும்.

திருப்பூர், பனியன் கம்பெனி மேனேஜர்:
மேடம், அது உங்கள் பக்கம் சரி. இங்கே பிஎஃப் இல்லை என்பதை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொன்னால் பாதி ஊர் பொய்யராகிவிடும். மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் யூனிட்டுகளில் 20 பேருக்குக் குறைவாக ஆள் இருந்தால் பிஎஃப் கட்டாயமில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைத்து, சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் போகிற டெய்லரிடம் என்ன சான்றிதழ் இருக்கும்? ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காரவைத்தால் தெரிந்துவிடும். கட்டிங் மாஸ்டரிடம் துணியைக் கொடுத்து லே போட, அதாவது வெட்டுவதற்கு அடுக்கடுக்காக விரிக்கச் சொன்னால் போதும்.

ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர், அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்கு மட்டும் பழைய இடத்தில் விசாரிப்போம். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு பையனைப் பற்றிக் கேட்டதும் பழைய முதலாளி, "கை சுத்தமில்லைங்க" என்றார். சந்தேகப்பட்டு அங்கேயே வேலை செய்யும் இன்னொருவரிடம் கேட்டேன். தீபாவளி போனஸ் பாக்கிக்காகப் பையன் சண்டை போட்டிருக்கிறான், அவ்வளவுதான். அவனை எடுத்துக்கொண்டேன், இன்றும் இங்கேதான் இருக்கிறான். போலிச் சான்றிதழைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலாளியின் வயிற்றெரிச்சலை எந்தப் போர்ட்டலில் போய்ப் பார்ப்பது?

வேலை தேடும் ஒருவன்:
எதிர்ப்பக்கக் கதையையும் கேளுங்கள். நான் ராஜினாமா செய்யும் முன்பே, புது கம்பெனிக்காக விசாரிக்கும் சரிபார்ப்பு ஏஜென்சிக்காரர் என் அப்போதைய மேனேஜருக்கு போன் போட்டுவிட்டார். புது வேலை கைக்கு வரவில்லை, இங்கே இன்க்ரிமென்ட்டும் போச்சு.

அதற்கு முந்தைய கம்பெனி ரிலீவிங் லெட்டரை இழுத்தடித்தது. பிஎஃப்பில் விலகிய தேதியைக்கூடப் போடவில்லை. கடைசி பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்தால் யூஏஎன் தளத்தில் நாமே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியாது. அதோடு வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தையும் கொடுத்தேன். சம்பளத்தில் வரி பிடித்தவர் பெயர் அதில் இருக்கும். லெட்டர் இல்லாமலே ஏற்றுக்கொண்டார்கள்.

கிண்டி, ஐடி எச்ஆர்:
தம்பி, ஒருவர் இப்போது இருக்கும் இடத்துக்கு, அவர் எங்களிடம் சேர்ந்த பிறகுதான் நாங்கள் போன் போடுவோம். அதுவரை பழைய கம்பெனிகள் மட்டும். உங்கள் விஷயத்தில் அந்த ஏஜென்சி செய்தது அநியாயம். இனி சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே, "தற்போதைய நிறுவனத்தை இப்போது தொடர்புகொள்ள வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

திருப்பூர் சார், அந்த வயிற்றெரிச்சலுக்கு எங்களிடமும் மருந்து இல்லை. தேதியும் பதவியும் மட்டும் கேட்கிறேன். ஆள் எப்படி என்று கேட்பதையே விட்டுவிட்டேன்.