வீட்டில் கட்டிய சிஎன்சிக்கு எந்த லேசர் வாங்கலாம்?
நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சேனலை வைத்து நானே ஒரு சிஎன்சி (கணினி சொல்படி வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) கட்டியிருக்கிறேன், ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையும் அதன் மேல் செருகும் ஷீல்டு பலகையும்தான் மூளை, அதில் இயந்திரத்தை நகர்த்தும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள் ஓடுகிறது, மர வேலை ஓரளவு நன்றாகவே வருகிறது. இப்போது அதே தலையில் நீல டையோடு லேசர் மாட்டி 3 மி.மீ. பிளைவுட் வெட்ட ஆசை.

போன வருடம் '40 வாட்' என்று போட்டிருந்ததை நம்பி ஒன்று வாங்கி ஏமாந்தேன். அது இழுக்கும் மின்சாரத்தின் கணக்காம், வெளியே வரும் ஒளி 5 வாட்தான். எட்டு முறை ஓட்டியும் பிளைவுட்டின் அடிப்பக்கம் ஒரு பழுப்புக் கோடு, அவ்வளவுதான்!

ஒளித்திறன் 10 வாட் போதுமா, 20க்குப் போக வேண்டுமா? எடை கூடினால் தலையை ஏற்றி இறக்கும் என் இசட் அச்சு தாங்குமா என்று பயம், நெமா 17 மோட்டார்தான். வெட்டும் இடத்தில் புகையை விலக்கக் காற்று ஊத மீன்தொட்டி பம்ப் போதுமா?

அப்புறம், லேசரின் திறனைக் கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் சிக்னல் வயரை ஷீல்டில் இசட் லிமிட் என்று அச்சடித்திருக்கும் டி11 பின்னில் மாட்டி, ஜிஆர்பிஎல்லில் லேசர் முறைக்கான $32=1 அமைப்பையும் போட்டுவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. ஆனால் பெட்டியோடு வந்த கண்ணுக்கான பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடியை நம்ப மனமில்லை. நீல லேசரின் 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குச் சரியான கண்ணாடி யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள், வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான்.