பொதி நிறுவப்பட்டது, நிரல் திறக்கவில்லை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் கணினி அறைக்காக, மாணவர் வரவைப் பதியும் சிறு மென்பொருள் ஒன்றை சி++ மொழியில் எழுதி, உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் நிறுவுவதற்கான டெப் பொதியாக்கிக் கொண்டுபோன அனுபவம் இது. அங்கே இணைய வசதி இல்லை. ஆகவே ஹட்டனில் என் வீட்டுக் கணினியில் தொகுத்த இருமக் கோப்பை (கணினி நேரடியாக இயக்கும் கோப்பு) பொதிக்குள் வைத்து, பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பஸ்ஸில் சென்றேன்.

நிறுவும்போது எந்தத் தடையும் வரவில்லை. ஆனால் ஆசிரியை மெனுவில் அதைத் தேடி அழுத்தியபோது ஒன்றும் திறக்கவில்லை. டெர்மினலில் இயக்கிப் பார்த்ததும், ஜிலிப்சி 2.34 (சி, சி++ நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்) இல்லை என்ற செய்தி வந்தது. என்னிடம் இருந்தது உபுண்டு 22.04, அதன் ஜிலிப்சி 2.35, பாடசாலையில் இருந்தது 20.04, அதில் 2.31. பழைய ஜிலிப்சியில் தொகுத்த நிரல் புதியதிலும் ஓடும், புதியதில் தொகுத்தது பழையதில் ஓடுமென்று நம்ப முடியாது என்பதை நான் முன்பே அறிவேன். என்னை உண்மையில் வருத்தியது, அந்தப் பொருத்தமின்மையை நிறுவும் வேளையிலேயே சொல்லியிருக்க வேண்டிய பொதி வாய்மூடி இருந்ததுதான்.

காரணம் நான் கையால் செய்த வேலை. டெப் கோப்புக்குள் வடிவ எண்ணைத் தாங்கிய சிறு கோப்பும், விவரங்களுக்கான கண்ட்ரோல் தொகுப்பும், நிறுவப்படும் கோப்புகளுக்கான டேட்டா தொகுப்பும் இருக்கும். கண்ட்ரோல் கோப்பை நானே எழுதியபோது, சார்புகளை, அதாவது நிரலுக்குத் தேவையான பிற பொதிகளை, குறிக்கும் டிபென்ட்ஸ் வரியை விட்டுவிட்டேன். ஜிலிப்சியைத் தரும் லிப்சி6 பொதியின் 2.34 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு தேவை என்று அங்கே இருந்திருந்தால், பொதிகளை நிறுவும் டிபிகேஜி கருவி வேலையை முடிக்காமல் நின்று காரணத்தையும் காட்டியிருக்கும். இருமக் கோப்பை ஆராய்ந்து அந்த வரியைக் கணித்துத் தருவதற்கென்றே டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் என்ற கருவி இருக்கிறது. இப்போது அதைத் தவிர்த்து நான் எந்தப் பொதியையும் கட்டுவதில்லை.

இன்னொரு பிழையும் அன்று கண்ணில் பட்டது. நிறுவப்பட்ட கோப்புகளின் உரிமையாளர் முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கு அல்ல, என் வீட்டுக் கணக்கின் எண்ணான 1000. பாடசாலைக் கணினியில் அதே எண் மாணவர் கணக்குக்கு உரியது. எந்தப் பிள்ளையும் நிரலை மாற்றவோ அழிக்கவோ முடியும். பொதியைக் கட்டும் டிபிகேஜி-டெப் கட்டளையில் உரிமையை ரூட்டுக்கு மாற்றும் தெரிவைச் சேர்த்ததும் அது சரியானது.

வீடு திரும்பி, உபுண்டு 20.04 சூழல் ஒன்றை அமைத்து அதற்குள் மீண்டும் தொகுத்தேன். பிறகு, புதிதாக 20.04 நிறுவிய கணினியொன்றில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு பொதியைச் சோதித்தேன். மறுமுறை சென்றபோது ஆசிரியை தாமே அதை நிறுவி, தரம் 6 பிள்ளைகளின் அன்றைய வரவைப் பதிந்தார்.