நர்சுங்களே ஏன் கொரோனா ஊசிக்குத் தயங்கினாங்க?

கேள்வி: 2021 ஜனவரி 16ல தடுப்பூசி ஆரம்பிச்சப்ப டாக்டர், நர்சுக்குத்தான் முதல்ல குடுத்தாங்க, ஆனா ஸ்டாஃப் நர்ஸா இருக்குற எங்க அக்காவே மார்ச் வரைக்கும் தள்ளிப் போட்டுச்சு. இன்னைக்கும் கேட்டா பேச்ச மாத்திடுது. ஏன்?

பதில் 1: நானும் நர்ஸ்தாங்க. கோவேக்சின்ங்கற ஊசிக்கு ஜனவரி 3ல அனுமதி குடுத்தப்ப மூணாம் கட்ட சோதனை ரிசல்ட்டே வரல, அத போட வந்த எங்களுக்கு மட்டும் சம்மதப் படிவத்த நீட்டி கையெழுத்து போடுங்கன்னாங்க, அந்த பேப்பர பாத்ததும் கை ஓடல. மார்ச் 3ல இடைக்கால ரிசல்ட்ல 81 சதவீதம் பலன் தருதுன்னு வந்துச்சு, அடுத்த வாரமே போட்டுக்கிட்டேன். அக்காவ தப்பா நினைக்காதீங்க, படிச்சதாலதான் கேள்வி வந்துச்சு.

பதில் 2: எங்க ஊர்ல கதையே வேற. நடிகர் விவேக் ஏப்ரல் 15 ஊசி போட்டு 17ம் தேதி தவறிட்டாரு, அன்னைக்கே எங்கப்பா செத்தாலும் போட மாட்டேன்னுட்டாரு. ரத்தக்குழாய்ல 100 சதவீத அடைப்புன்னு டாக்டருங்க சொன்னது யார் காதுலயும் ஏறல, ஊசி காரணமில்லன்னு மத்திய நிபுணர் குழு சொன்னது அக்டோபர்ல, அதுக்குள்ள ரெண்டாவது அலையே முடிஞ்சு போச்சு. கடைசில எங்க கிராம நர்சம்மா திண்ணைல உக்காந்து, மோர் குடிச்சிட்டே, தன் செல்போன்ல இருந்த ஊசி சர்டிபிகேட்ட காட்டுனாங்க. அப்பா சட்டையக் கழட்டிட்டு தோள நீட்டிட்டாரு.

கேள்வி கேட்டவர்: படிவம் விஷயம் தெரியாதுங்க. இன்னைக்கு அக்காகிட்ட பேசுறேன்.