புதுப்பிப்பு: அப்பாவின் அரிப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது

குளித்துத் துவட்டிய கையோடு அப்பாவுக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது, தோலில் தடிப்போ சொறியோ இல்லை, களிம்புக்கும் மாத்திரைக்கும் அடங்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி சொல்லி மாளாது.

ஹீமோகுளோபின் 18.9. வெள்ளணுக்களும் தட்டணுக்களும்கூட அதிகம். இரத்தவியல் மருத்துவர் அப்பாவைப் படுக்கவைத்து, இடது விலா எலும்புக்குக் கீழே விரல்களால் அழுத்தி, மூச்சை இழுத்துவிடச் சொன்னார். மண்ணீரல் வீங்கியிருந்தது. ஜாக்-2 மரபணுச் சோதனையில் நோய் உறுதியானது: பாலிசைத்தீமியா வேரா. எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவின்றி உற்பத்தி செய்யும், மெதுவாக வளரும் இரத்தப் புற்றுநோய் இது. அப்பாவின் முகச் சிவப்பும் இதனால்தானாம்.

அரிப்பைவிடப் பெரிய ஆபத்து, இரத்தம் உறைந்து பக்கவாதமோ மாரடைப்போ வருவது. எனவே ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 45 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும்படி அவ்வப்போது இரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் உண்டு. வயது அறுபதைத் தாண்டியதால் இரத்த அணு உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தும் தொடங்கியாயிற்று. தலைவலி போய்விட்டது. அரிப்பு இன்னும் முழுதாக விடவில்லை. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, தேய்க்காமல் துண்டால் ஒற்றியெடுத்தால் கொஞ்சம் தாங்குகிறது.

தம்பிக்கு அரிப்போடு கழுத்தில் கட்டியும் இரவு வியர்வையும் இருப்பதாக எழுதிய சகோதரிக்கு: அரிப்புள்ள பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்தால் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். தயவுசெய்து இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.